இருபத்தைந்தாவது ஆள்

இன்னும் இருபத்திரண்டு மணித்தியாலம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த கையோடு கரைவாகு இளைஞர் சம்மேளனத்தின் அலுவலர் வருவார். புதுப்பிறை இளைஞர் கழகத்தின் ஆட்களை ஒவ்வொருவராக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணுவார். இருபத்தைந்து பேர் இருந்தால் சுவரில் தொங்கும் பட்டயத்தில் இன்னும் ஓராண்டுக்கு முத்திரை விழும். ஒருவர் குறைந்தாலும் பட்டயத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார். அதோடு அறைப் பூட்டின் திறப்பும் போகும்.

ஆகிலா கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் போய்விட்டார்கள். யன்னல் கட்டில் ஒரு கண்ணாடிப் போத்தல் இருந்தது. அதற்குள் உப்புத் தண்ணீரும் ஒரு கோழிமுட்டையும். முட்டை அடியிலும் இல்லை, மேலேயும் இல்லை, நடுவில் நின்றது. அடர்த்தி என்றால் என்னவென்று காட்டுவதற்காக வைத்தது. அதை எடுத்து ஊற்றிவிடலாமா என்று யோசித்தாள். பிறகு அப்படியே விட்டாள்.

கடல் கொண்டுபோன பழைய வாசிகசாலை இருந்த இடத்தில் சம்மேளனம் கட்டிய ஒற்றை அறை அது. பட்டயம் எந்தக் கழகத்திடம் இருக்கிறதோ அந்தக் கழகத்திடம்தான் அறையும். கழகத்தின் செயலாளர் ஆகிலா. விஞ்ஞானப் பட்டம் முடித்துவிட்டு ஆசிரியை நியமனத்துக்காகக் காத்திருக்கிறாள். காத்திருக்கும் இரண்டு வருடமும் இங்கே பதினான்கு பெண் பிள்ளைகளுக்குச் சாதாரண தரப் பரீட்சைக்கான விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறாள். டவுனில் பெரிய டியூட்டரிகள் இருக்கின்றன. இருட்டின பிறகு அங்கே போய்வர இந்தப் பிள்ளைகளை வீட்டில் விடமாட்டார்கள். பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. வீட்டில் கறிக்கு உப்புக் காணாது என்று சொல்வதற்கே இரண்டுதரம் யோசிக்கிறவள் ஆகிலா. இந்த அறைக்குள் வந்தால் மட்டும் அவளுக்குக் குரல் வரும். அது ஏனென்று அவளுக்கே தெரியாது.

வாசலில் செருப்புகள் உரசின. தலைவர் ஹிஷாமும் பொருளாளர் றிஷாட்டும் வந்தார்கள்.

"அழிக்காதீங்க டீச்சர், கொஞ்சம் இடம் வைங்க," என்று றிஷாட் சோக்கட்டியை எடுத்தான். "எண்ணிப் பாப்பம். பொம்புளப்புள்ளைகள் பதினொண்டு. அதுல பயமில்ல, அவங்கள ஆரும் இழுத்துட்டுப் போக ஏலா. நம்மட ஆம்புளகள்தான் ஒவ்வொருத்தனா வாக்கப்பட்டுப் போறானுகள்."

அவன் சொன்னது பகிடியென்றாலும் கணக்கு அதுதான். இந்தக் கரையில் கலியாணம் முடித்தால் பெண் தன் வீட்டைவிட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் போவான். பெண்ணுக்குச் சீதனமாக வீடு கட்டியிருப்பார்கள். அவன் ஒரு பெட்டியோடு அங்கே போய் இருந்துவிடுவான். அன்றிலிருந்து அவனுடைய ஊர் பெண்சாதியின் ஊர். கழகம் கூட்டமாகப் போய்க் கலியாணச் சோறு தின்றுவிட்டு வரும். வரும்போது ஓர் ஆள் குறைந்திருப்பான். இந்த வருடம் மட்டும் நான்கு கலியாணம். இரண்டு பேர் கட்டாருக்குப் போய்விட்டார்கள்.

றிஷாட் கோடு கோடாகப் போட்டான். கடைசிக் கோட்டை இரண்டுதரம் அழுத்தினான்.

"இருபத்துநாலு. அதுவும் ஹஸன்ட டெங்குக் காய்ச்சல் குறைஞ்சாத்தான்."

"புது ஆள் ஆரையும் சேக்க ஏலாதா?" என்று ஆகிலா கேட்டாள்.

"சேத்து மூணு மாசம் போகணும். அதுவும் விதிதான்." றிஷாட் ஹிஷாமைப் பார்த்தான். "என்ன தலைவரே, வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா?"

ஹிஷாம் போத்தலுக்குள் இருந்த முட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "என்னையும் எண்ணினா இருபத்தஞ்சு வரும்," என்றான் மெதுவாக.

றிஷாட் சிரித்தான். "உன்ன எப்படி மச்சான் எண்ணுற? நீ நிந்தவூரான். உன்னக் கொண்டுபோய் விட்டதே நாமதானே. முப்பது மோட்டார்சைக்கிள். நான்தான் முன்னுக்குப் போனன், கோர்ன் அடிச்சு அடிச்சுக் கைவிரல் வீங்கிச்சு."

"தலைவர் எண்டு ஒரு சலுகை இல்லையா?"

"விதியில தலைவர் எண்டு இல்ல. 'கழக எல்லைக்குள் இரவு தங்குபவர்' எண்டுதான் இரிக்கி." றிஷாட் சோக்கட்டியை வைத்துவிட்டுக் கையைத் தட்டினான். "இஞ்ச பாரு. எனக்கும் பெடியன்களுக்கும் இந்த அறையில ஜிம் போடணுமெண்டு ஆசை இரிக்கி. நான் மறைக்கல்ல. பட்டயம் போனா நாங்க புதுசா ஒரு கழகம் பதிவம். ஆனா அதுக்காக நாளைக்கி நான் வராம நிக்கமாட்டன். வருவன், எழும்புவன், என்ன எண்ணலாம். பொய்க் கணக்குக்கு மட்டும் கையத் தூக்கமாட்டன். அவ்வளவுதான்."

மஃரிப் வாங்கு கேட்டது. இரண்டு பேரும் அந்தித் தொழுகைக்குப் பள்ளிக்கு இறங்கினார்கள். வாசற்படியில் ஹிஷாம் ஒருதரம் திரும்பி ஆகிலாவைப் பார்த்தான். ஆகிலா தலையைக் குனிந்து சோக்குத் தூளைக் கூட்டினாள்.

அவளுக்குத் தெரியும்.

அவளுடைய வீடு ஹிஷாமின் உம்மா சபியா உம்மாவின் பின்வளவு. நடுவில் ஒரு தகர வேலி. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு விடியலில் அழுக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோது, வேலிக்கு அந்தப் பக்கம் பைப்படியில் சாரன் கட்டிக்கொண்டு ஒருவன் பல் துலக்குவதைக் கண்டாள். ஹிஷாம். புதுமாப்பிள்ளை ஒருவன் உம்மாவைப் பார்க்க வருவான், சாப்பிட்டுப் போவான். விடியக்காலையில் உம்மாவின் பைப்படியில் நிற்கமாட்டான். சபியா உம்மா பின்னாலேயே ஓடிவந்தாள். அவளுடைய முகம் வெளிறிப்போயிருந்தது.

"மகள், நீ ஒண்டும் காணல்ல, என்ன?"

"இல்ல மாமி. நான் ஒண்டும் காணல்ல."

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சுபஹ் வாங்குக்கு முன் ஒழுங்கை மணலில் ஒரு மோட்டார்சைக்கிள் தள்ளிக்கொண்டு போகப்படும். ஸ்டார்ட் பண்ணும் சத்தம் பிரதான வீதிக்குப் போன பிறகுதான் வரும். காலை எட்டு மணிக்கு ஹிஷாம் தெற்குப் பக்கமிருந்து, நிந்தவூரிலிருந்து வருகிறவன் மாதிரி ஹெல்மட்டோடு வந்து தன் கைபேசிக் கடையைத் திறப்பான். "என்ன மாப்பிள, மாமி என்ன காலைச் சாப்பாடு தந்த?" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்பார்கள். "புட்டும் பாபத்துக் கறியும்," என்பான் அவன்.

சபியா உம்மா அவனுடைய சாரனைக் கொடியில் போடும்போது அதன்மேல் தன் சீலையை விரித்து மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஆகிலா ஒழுங்கை முடக்கில் போய் நின்றாள். தலையில் முக்காட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வாழ்க்கையில் ஒருவரை வழிமறித்து நின்றது அதுதான் முதல்தரம். மோட்டார்சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஹிஷாம் அவளைக் கண்டதும் நின்றுவிட்டான்.

"காக்கா," என்றாள். அண்ணன் முறையானவர்களை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"கேக்காத ஆகிலா."

"நான் கேக்கல்ல."

பெண்சாதியின் பெயரைச் சொல்லத் தயங்கி அவன் ஹெல்மட்டைக் கையில் மாற்றி மாற்றிப் பிடித்தான். "ஹிமாயாட வாப்பா பெருநாளைக்கிடையில கதைச்சு முடிப்பம் எண்டிரிக்கார். அதுவரைக்கும் வெளிய விட வேணாமெண்டு சொன்னார். ஊர் வாய்க்குள்ள விழுந்தா அவங்களுக்கு ரோசம் வரும். புறகு அவ கூப்பிடமாட்டா. விளங்குதா?"

"ஓம்."

"உன்ட பிள்ளைகளுக்கு வேற இடம் பாப்பம். பள்ளிக்கூடத்துல கேப்பம்."

"கேட்டன். பின்னேரம் திறக்க ஆளில்லையாம். எங்கட வீட்ட ஒரு அறைதான்."

"ஆர்ட்டயாவது விறாந்தை..."

"பதினாலு பேர் காக்கா. கரும்பலகை."

தூரத்தில் பள்ளி ஒலிபெருக்கி கரகரத்தது.

"நீ சொல்லிருவயா?" என்று கேட்டான்.

ஆகிலாவுக்குக் கோபம் வந்தது. அது அவளுக்கே புதிதாக இருந்தது. "மாமிக்கிட்டச் சொல்லிட்டனே," என்றாள். "நான் ஒண்டும் காணல்லயெண்டு."

அவன் தலையை ஆட்டிவிட்டு மோட்டார்சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். சக்கரத்தின் தடம் மணலில் ஒற்றைக் கோடாக நீண்டது. அவள் அதைக் காலால் அழித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

அஸர் முடிந்து கொஞ்ச நேரத்தில் அலுவலர் பவிதரன் வந்தார். காரைதீவுக்காரர். தலை பாதி நரைத்த, கையில் தண்ணீர்ப் போத்தலோடு திரியும் மனிதர். அறைக்குள் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். காய்ச்சல்காரன் ஹஸனை ஓட்டோவில் கொண்டுவந்து, கம்பளிச் சட்டையோடு வாசலோரக் கதிரையில் வைத்திருந்தார்கள்.

"இவர் உயிரோடதான் இருக்கிறாரா?" என்று பவிதரன் கேட்டார்.

"பட்டயம் கிடைக்கிற வரைக்கும் இரிப்பன் சேர்," என்றான் ஹஸன். எல்லோரும் சிரித்தார்கள்.

யன்னலுக்கு வெளியே தலைகள் தெரிந்தன. வகுப்புப் பிள்ளைகள். வரவேண்டாமென்று ஆகிலா சொல்லியிருந்தாள். முன்னால் நின்றவள் அம்ஹா. வகுப்பிலேயே வாய் நீளமானவள்.

பவிதரன் யன்னல் கட்டைப் பார்த்தார். "இது என்ன பிள்ளை, முட்டை ஊறுகாயா?"

"அடர்த்தி சேர்," என்று வெளியிலிருந்து அம்ஹா சொன்னாள். "உப்பு இன்னும் போட்டா மேல வரும். தண்ணி ஊத்தினாக் கீழ போகும். டீச்சர் சொல்லித் தந்த."

"நல்லது. இப்ப நாங்க ஆக்களை எண்ணுவம்." அவர் மேசையில் அமர்ந்தார். "உங்களுக்குத் தெரியும், என்ர கேள்வி ஒண்டுதான். ஒவ்வொருத்தரா எழும்பிச் சொல்லுங்கோ. ராவைக்கு எங்க படுக்கிற?"

விதியில் 'இரவு தங்குபவர்' என்று இருப்பதை அவர் வருடா வருடம் இப்படித்தான் கேட்பார். கொழும்பில் வேலை செய்கிறவர்களின் பெயரைப் போட்டு எண்ணிக்கை காட்டிய கழகங்கள் இருந்தனவாம். அதனால் வந்த கேள்வி. வருடா வருடம் பெடியன்கள் இதற்குச் சிரிப்பார்கள்.

பெண்கள் முதலில் எழுந்தார்கள். உம்மா வீட்ட. உம்மா வீட்ட. எனக்கு எழுதின வீட்ட. ஆகிலாவும் எழுந்து, கேட்குமோ கேட்காதோ என்ற குரலில், "வாப்பாட வீட்ட," என்றாள். பிறகு ஆண்கள். ஒருவன் "கடக்கரை மணல்ல சேர்" என்று சொல்லி ஏச்சு வாங்கினான். றிஷாட் எழுந்தான். நேராக நின்று, "ஒழுங்கையில ரெண்டாவது வீடு," என்றுவிட்டு அமர்ந்தான். ஹஸன் எழும்ப முயன்று முடியாமல் கையை மட்டும் தூக்கினான்.

"இருபத்துநாலு," என்றார் பவிதரன். ஹிஷாமைப் பார்த்தார். "தலைவர்?"

ஹிஷாம் எழுந்தான். "என்ட பெயரும் இஞ்சதான் சேர் இரிக்கி. வாக்கு இஞ்சதான். நான் பிறந்த வீடு..."

"தம்பி, நான் காரைதீவில பிறந்தவன். பாண்டிருப்பில கலியாணம் முடிச்சுப் பதினொரு வருசம். எங்கட ஆக்களே என்னைப் பாண்டிருப்பான் எண்டுதான் சொல்லுறாங்க. பிறந்த வீடு கணக்கில்லை." அவர் பேனாவை எடுத்தார். "ராவைக்கு எங்க படுக்கிற?"

அறையில் ஒருவன் சிரித்தான். தொடர்ந்து இன்னும் இரண்டு பேர். ஹிஷாமின் காது சிவந்தது.

"சேர், நான் ஒண்டு சொல்லணும்," என்று றிஷாட் எழுந்தான். அவன் முகத்தில் இப்போது பகிடி இல்லை. "எனக்குக் கஷ்டமாத்தான் இரிக்கி. இவன் என்ட கூட்டாளி. ஆனா ஹிஷாமக் கொண்டுபோய் நிந்தவூர்ல விட்டது இந்தக் கழகம்தான். இஞ்ச இரிக்கிற எல்லாரும் சாட்சி. ஒவ்வொரு நாளும் காலையில அங்கயிருந்துதான் வாறான், அதுவும் எல்லாரும் காணுறதுதான். இவன இஞ்ச எண்ணினா, நாளைக்கி வாக்கப்பட்டுப் போன மத்த மூணு பேரும் வந்து எங்களையும் எண்ணு எண்டு கேப்பானுகள்."

"அது ஞாயம்தானே," என்றான் யாரோ.

ஹிஷாம் நின்றுகொண்டே இருந்தான். பெருநாளைக்கு இன்னும் எத்தனை கிழமை என்று ஆகிலா மனதுக்குள் எண்ணினாள். பிறகு பரீட்சைக்கு எத்தனை கிழமை என்று எண்ணினாள். எண்ணாமல் விட்டிருக்கலாம்.

பவிதரன் நெற்றியைத் தடவினார். "தலைவரே கதைக்கிறார் இல்லை. பிரச்சினை வந்தாச் செயலாளர் சொல்லுறதை ஏற்கலாமெண்டு ஒரு வழி இருக்கு. ஆர் செயலாளர்?"

ஆகிலா எழுந்தாள். எல்லா முகங்களும் திரும்பின.

"நீங்க எங்க இருக்கிறீங்க தங்கச்சி? தலைவற்ற வீட்டுக்குக் கிட்டவா?"

"அவங்கட உம்மாட வீட்டுக்குப் பின்வளவு."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவர் அங்க வந்து படுக்கிறாரா, நிந்தவூரிலயா? நீங்க சொன்னா நான் எழுதிறன்."

ஒரு சொல். 'இஞ்ச' என்றால் போதும். பொய்கூட இல்லை. அறை இருக்கும், கரும்பலகை இருக்கும், பதினான்கு பிள்ளைகளும் இருப்பார்கள். அந்தச் சொல் நாளை காலை பிரதான வீதியில் இருக்கும், நாளை மத்தியானம் நிந்தவூரில் இருக்கும். ஹிஷாம் அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தான். அந்தக் கழுத்து, அடிவிழும் என்று தெரிந்து நிற்கும் ஒருவனுடைய கழுத்து மாதிரி இருந்தது.

"டீச்சர்," என்று யன்னலுக்கு வெளியே அம்ஹா மெல்லக் கூப்பிட்டாள். "சொல்லுங்க டீச்சர்."

ஆகிலா யன்னலைப் பார்த்தாள். வகுப்பில் வரும் குரல் வந்தது. எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

"சேர், அது நான் சொல்றதுக்குரிய கதையில்ல."

"தெரியுமெண்டாச் சொல்லிட்டுப் போங்களேன்," என்றான் றிஷாட். "உங்கட வகுப்புத்தானே போகப்போகுது?"

"ஓம். என்ட வகுப்புத்தான்."

"தங்கச்சி, யோசிச்சுச் சொல்லுங்கோ," என்றார் பவிதரன். "நீங்க சொல்லாட்டி எனக்கு வேற வழியில்லை. இருபத்துநாலு எண்டுதான் எழுதவேணும்."

"அப்ப இருபத்துநாலு எண்டே எழுதுங்க."

அவள் தோள்பையைத் திறந்தாள். அறையின் திறப்பு நீல நூலில் கோத்திருந்தது. அம்ஹா கட்டிக்கொடுத்த நூல். நூலைக் கழற்றலாமா என்று பார்த்தாள், முடிச்சு இறுகியிருந்தது. நூலோடேயே கொண்டுபோய் மேசைமேல் வைத்தாள். அது மரத்தில் பட்ட சத்தம் கதவு வரைக்கும் கேட்டது. யன்னலில் ஒரு பிள்ளை மூக்கை உறிஞ்சினாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. றிஷாட் தன் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

பவிதரன் பெருமூச்சு விட்டார். பேனா மூடியைக் கழற்றினார். கதிரையில் ஏறிப் பட்டயத்தைக் கழற்றச் சொல்லி ஒருவனுக்குச் சைகை காட்டினார். அந்தப் பெடியன் கதிரையை இழுத்துக்கொண்டு சுவரருகே போனான்.

ஹிஷாம் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தான். அவனை அமரச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவன் மேசைமேல் கிடந்த நீல நூலைப் பார்த்தான். பிறகு ஆகிலாவை, பிறகு றிஷாட்டை.

"கழட்டாத," என்றான்.

கதிரையில் ஏறியவன் கையை எடுத்தான்.

"எழுதாதீங்க சேர். நீங்க கேட்டதுக்கு நான் இன்னும் மறுமொழி சொல்லல்ல."

"சொல்லுங்கோ தம்பி."

"மச்சான், நீ முன்னுக்குப் போனயே, கோர்ன் அடிச்சு," என்று அவன் றிஷாட்டைப் பார்த்துச் சொன்னான். "நீ கொண்டுபோய் விட்ட மெய்தான். நான் திரும்பி வந்தத்தான் ஒருத்தரும் காணல்ல. நான் நிந்தவூர்ல இல்ல சேர். ரெண்டு மாசமா உம்மாட வீட்டதான் படுக்கிறன். ஹிமாயா என்ன வரவேணாமெண்டு சொல்லிட்டா."